டம்மி விரிந்ததும் ஒரு வாய் காபி

பிரிட்ஜ்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏலம் கேட்பதைப் பற்றியவை அல்ல, சீட்டை இறக்குவதைப் பற்றியவை. எனக்கு அதில் சந்தோஷம். ஏலத்தை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கும். கையில் பதிமூன்று சீட்டை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற அந்த நிமிஷத்துக்குத்தான் ஆள் வேண்டும். சீட்டுப் பெயர்களை நம் ஊர் வாயில் வருகிறபடியே எழுதுகிறேன்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, ஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர். போட்டிக்குப் போகும்போது ஹார்ட், கிளப் என்று மாற்றிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு மட்டும் இரண்டு வரி: நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடுகிற ஒரு சுற்று ஒரு ட்ரிக். ஏலம் எடுத்து ஆடுகிறவரின் பார்ட்னர் தன் சீட்டை மேஜையில் விரித்துவிடுவார், அந்தக் கைதான் டம்மி. மற்ற ரகங்களை வெட்டுகிற ரகம் துருப்பு, துருப்பே இல்லாத ஆட்டம் நோ ட்ரம்ப்.

கேள்வி: மூன்று நோ ட்ரம்ப் ஆடினேன். இரண்டு கையிலும் அவ்வளவு பெரிய சீட்டு. ஆனாலும் ஒரு ட்ரிக்கில் தோற்றேன். எல்லாச் சீட்டையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன் அம்மா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

பதில்: டீச்சர், நீங்கள் தப்பு செய்தது முதல் ட்ரிக்கிலேயே. மற்றவர்களுக்காகச் சீட்டுகளை எடுத்து எழுதிவிடுகிறேன்.

டம்மி: ஸ்பேட் 8, 5. ஆர்ட்டின் ஏஸ், 7, 3. டைமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 4. கிளாவர் ராணி, 6, 2.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ், 6, 3. ஆர்ட்டின் ராஜா, ராணி, 4. டைமண்ட் 8, 5, 2. கிளாவர் ஏஸ், ராஜா, 7, 3.

இடது பக்கத்துக்காரர் ஸ்பேட் ராஜாவை இறக்கினார். அடுத்த நொடி உங்கள் ஏஸ் மேஜையில். பிறகு டைமண்ட் ஆடினீர்கள். வலது பக்கத்துக்காரர் டைமண்ட் ஏஸால் பிடித்து ஸ்பேடைத் திருப்பினார். மளமளவென்று நாலு ஸ்பேட் போயிற்று. டைமண்டோடு சேர்த்து ஐந்து. நீங்கள் எட்டோடு நின்றுவிட்டீர்கள்.

இப்போது எண்ணுவோம். யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய ட்ரிக் எத்தனை? ஸ்பேட் ஒன்று, ஆர்ட்டின் மூன்று, கிளாவர் மூன்று. ஆக ஏழு. வேண்டியது ஒன்பது. குறைகிற இரண்டு எங்கிருந்து வரும்? டைமண்டில் அவர்களுடைய ஏஸை வெளியே இழுத்துவிட்டால் நாலு வரும், தேவைக்கு மேலேயே. ஆனால் அந்த ஏஸால் பிடிக்கிற வலது பக்கத்துக்காரரிடம் இடது பக்கத்துக்குத் திருப்ப ஸ்பேட் மிச்சம் இருக்கக் கூடாது. ஆட்டமே இவ்வளவுதான்.

அதற்கு என்ன வழி? ஸ்பேட் ஏஸைப் பிடித்து வைத்துக்கொள்வது. ராஜா வந்தால் விடுங்கள். அடுத்து ராணி வந்தாலும் விடுங்கள். மூன்றாவது முறை ஏஸால் எடுங்கள். அந்தச் சுற்றில் டம்மியிலிருந்து கிளாவர் 2-ஐத் தள்ளிவிடலாம், நஷ்டமில்லை. வெளியே இருந்த ஸ்பேட் எட்டு. இடதில் ஐந்து, வலதில் மூன்று. மூன்று சுற்று முடிந்ததும் வலது பக்கத்துக்காரரிடம் ஸ்பேடே கிடையாது. டைமண்ட் ஏஸால் பிடித்துவிட்டு அவர் எதைத் திருப்பினாலும் அது உங்களுக்குத்தான். இரண்டு ஸ்பேட், ஒரு டைமண்ட், மூன்றோடு முடிந்தது. பத்து ட்ரிக் உங்களுக்கு.

எத்தனை முறை விடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அவர்கள் இறக்கிய ரகத்தில் உங்கள் இரண்டு கையிலும் சேர்த்து எத்தனை சீட்டு என்று பார்த்து, அதை ஏழிலிருந்து கழியுங்கள். இங்கே மூன்றும் இரண்டும் ஐந்து. ஏழில் ஐந்து போனால் இரண்டு. இரண்டு முறை விடுங்கள். ஒருவேளை ஸ்பேட் நாலு நாலாகப் பிரிந்திருந்தால்? மொத்தம் மூன்று ஸ்பேட், ஒரு டைமண்ட் போகும், ஒன்பது வந்துவிடும். டைமண்ட் ஏஸ் இடது பக்கத்திலேயே ஐந்து ஸ்பேடோடு உட்கார்ந்திருந்தால்? அப்போது பிரம்மா வந்தாலும் முடியாது, சீட்டைக் கலைத்துப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: வேறொரு ரகம் இதைவிட ஓட்டையாக இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிராளி சட்டென்று அதற்குத் தாவிவிடுவார்.

இந்தப் பாடத்தை நான் படித்த இடம் பொன்மலை ரயில்வே காலனி. 1971, எனக்குப் பதினைந்து வயது. பெரியப்பா குவார்ட்டர்ஸ் வராந்தாவில் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் நாலு பேர் உட்காருவார்கள். ஒருநாள் நாலாவது ஆளுக்கு நைட் டூட்டி. காபித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து "உக்காரும்மா, பார்த்துப் பார்த்தே உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் பெரியப்பா. முதல் கையே நான் ஆட வேண்டியதாயிற்று. எதிரில் டம்மி விரிந்ததும் சின்னச் சீட்டு ஒன்றை டக்கென்று இழுத்தேன். பெரியப்பா தன் டபராவைக் கவிழ்த்து டம்மியின் சீட்டு மேல் வைத்துவிட்டார். "முதல்ல காபியைக் குடி. டம்ளரைக் கீழே வைக்கிறப்ப எத்தனை ட்ரிக்னு சொல்லு. அப்புறம் டபராவை எடுக்கறேன்."

டபராவின் விளிம்பில் ஒட்டியிருந்த காபி ஆர்ட்டின் ராணியின் முகத்தில் வட்டமாகப் படிந்து, முதுகு வரை ஊறிவிட்டது. அந்தக் கட்டு கிழிகிற வரை அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்! எனக்கு மட்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் டம்மி விரிந்தால் ஒரு வாய் காபி குடிக்காமல் முதல் சீட்டைத் தொடமாட்டேன். காபி இல்லாத இடத்தில் தண்ணீர்.

கேள்வி: இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டத்தில் நான் எங்கள் தெருவுக்கே ராஜா. பிரிட்ஜில் மட்டும் சறுக்குகிறதே, ஏன்?
*– மளிகைக்கடைக்காரர், நாகர்கோவில்*

பதில்: இருபத்தெட்டில் ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு என்று சீட்டுக்குள்ளேயே மதிப்பு இருக்கிறது. அதனால் எந்த ட்ரிக்கை எடுப்பது என்பதில் உங்கள் கண் இருக்கும். பிரிட்ஜில் நாலு ஏஸ் விழுந்த ட்ரிக்கும் ஒன்று, 2, 3, 4, 5 விழுந்த ட்ரிக்கும் ஒன்று. அதனால்தான் சின்ன ட்ரிக்கை ஆரம்பத்திலேயே விட்டுக்கொடுத்து, பின்னால் இரண்டாக வாங்குவது இங்கே பெரிய வித்தை. உங்களுக்கு விட மனசு வருவதில்லை, அவ்வளவுதான். மற்றபடி இருபத்தெட்டு ஆடியவருக்குத் துருப்பின் அருமையும் பார்ட்னரின் மனசும் ஏற்கெனவே தெரியும். ரம்மியிலிருந்து வருகிறவர்களைவிட நீங்கள் பாதி தூரம் முன்னால் நிற்கிறீர்கள்.

கேள்வி: 'மூன்றாவது கை பெரிய சீட்டு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதிராளி நோ ட்ரம்ப் ஆடினார். என் பார்ட்னர் ஆர்ட்டின் 7 இறக்கினார். டம்மியில் ராணி, 8, 2. அதிலிருந்து 2 விழுந்தது. என்னிடம் ஏஸ், 10, 3. விதிப்படி ஏஸைப் போட்டேன். கடைசியில் டம்மியின் ராணி ஒரு ட்ரிக் எடுத்துக்கொண்டது. பார்ட்னர் இரண்டு நாள் பேசவில்லை!
*– ஐ.டி. ஊழியை, சேலம்*

பதில்: விதி சரிதான். அதை எங்கே மீறுவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

பார்ட்னர் நோ ட்ரம்புக்கு எதிராகத் தன் நீளமான ரகத்தில் மேலிருந்து நாலாவது சீட்டை இறக்குவது வழக்கம். அப்படி இறக்கினால் பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 11-ல் 7 போனால் 4. பார்ட்னரைத் தவிர மற்ற மூன்று கையிலும் சேர்த்து, ஏழுக்கு மேற்பட்ட சீட்டு நாலே நாலுதான். காரணம் எளிது. ஜாக்கியை 11, ராணியை 12, ராஜாவை 13, ஏஸை 14 என்று வைத்துக்கொண்டால் ஏழுக்கு மேலே இருப்பவை ஏழு சீட்டு. நாலாவது சீட்டை இறக்கியவர் கையில் அதற்கு மேல் மூன்று இருந்தே ஆக வேண்டும். மிச்சம் நாலு.

இப்போது தேடுங்கள். டம்மியில் ராணியும் 8-ம்: இரண்டு. உங்களிடம் ஏஸும் 10-ம்: இரண்டு. நாலும் கிடைத்துவிட்டது! ஆக, ஆடுகிறவர் கையில் ஏழை வெல்ல ஒரு சீட்டுகூட இல்லை. நீங்கள் 3-ஐப் போட்டிருந்தாலே பார்ட்னரின் 7 ஜெயித்து, அவரே மறுபடியும் ஆர்ட்டினை டம்மி வழியாக இறக்கியிருப்பார். ராணி எப்போது எழுந்தாலும் தலையில் தட்ட உங்கள் ஏஸ் காத்திருக்கும். நீங்கள் ஏஸைச் செலவழித்ததும் ராணிக்கு உயிர் வந்துவிட்டது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ராஜாவும் ராணியும் இருந்து மூன்றாவது கையில் பெரிய சீட்டு போட வேண்டிவந்தால், ராணியைப் போடுங்கள். ராணியைப் பிடிக்க ஆடுகிறவர் ஏஸைச் செலவழித்தால் ராஜா அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது என்று பார்ட்னர் ஊகித்துவிடுவார். ராஜாவைப் போட்டால் அவருக்கு அந்தத் தகவல் போகாது. பார்ட்னரோடு பேசாமல் பேசுவதற்கு இந்தச் சின்னச் சீட்டுகளை விட்டால் நமக்கு வேறு வழி கிடையாது. அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தது வேறு கணக்கு.

கேள்வி: துருப்பில் ஏஸ், ராஜா, ஜாக்கி நம்மிடம். ராணி மட்டும் வெளியே. ஏஸையும் ராஜாவையும் அடித்து விழவைப்பதா, ஜாக்கியை வைத்துப் பிடிப்பதா?
*– பொறியாளர், நெய்வேலி*

பதில்: இரண்டு கையிலும் சேர்த்து எட்டு சீட்டு என்றால் ஜாக்கியை வைத்துப் பிடிக்கப் பாருங்கள்; அதாவது ஜாக்கி இருக்கிற கையை நோக்கி ஆடி, அதற்கு முன்னால் போடுகிற எதிராளியிடம் ராணி இருக்கும் என்று நம்பி ஜாக்கியைப் போடுவது. ஒன்பது என்றால் அடியுங்கள். ஆனால் ஒன்பதில் இந்த விதியைச் சாமி வாக்காக எடுக்காதீர்கள். வெளியே நாலு சீட்டு இருக்கும்போது இரண்டு இரண்டாகப் பிரிய 40 சதவீதம், மூன்று ஒன்றாகப் பிரிய 50 சதவீதம். ஒற்றையாக மாட்டுகிற ராணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அடிப்பதற்கும் பிடிப்பதற்கும் வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட வராது. ஏலத்தில் எதிராளி ஒருவர் வேறொரு ரகத்தில் நீளம் காட்டியிருந்தால் அவரிடம் துருப்பு குறைவு. அந்த ஒரு செய்தி போதும், விதி தலைகீழாகிவிடும்.

இதைவிட முக்கியமானது, பிடிக்கிற வேலை தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்வது. கோயம்புத்தூரில் ஒரு டீம் போட்டி. மூன்று நோ ட்ரம்ப், என் கையில் ஒன்பது ட்ரிக் தயாராக இருந்தது. எதிராளிகள் முதலிலேயே ஆர்ட்டினை இறக்கி என் ஏஸை வாங்கியிருந்தார்கள். டம்மியில் டைமண்ட் ஏஸும் ராணியும் ஜோடியாக அழகாகப் படுத்திருந்தன. அந்த அழகில் மயங்கி, பத்தாவது ட்ரிக்குக்கு ஆசைப்பட்டு, ராணியை நீட்டினேன். ராஜா வந்தது. ராஜாவுக்குப் பின்னால் நாலு ஆர்ட்டின் வந்தது. ஒன்பது எட்டாயிற்று. அன்றைக்குக் காபி குடித்தேனா என்று கேட்காதீர்கள், ஆறிப்போய் மேஜையில் இருந்தது.

புதிதாக ஆடுகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பெரிய சீட்டிலிருந்து ஆடாதீர்கள், அதை நோக்கி ஆடுங்கள். டம்மியில் ராஜாவும் 5-ம் இருந்தால் உங்கள் கையிலிருந்து சின்னதை இறக்குங்கள். இடதுபக்கத்துக்காரரிடம் ஏஸ் இருந்தால் அவர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, உங்கள் ராஜாவுக்கு ஒரு ட்ரிக் உண்டு.

கேள்வி: பையன் கல்லூரியில் பிரிட்ஜ் கற்றுக்கொள்கிறான். சீட்டாட்டம் என்றாலே சூதுதானே? அவன் அப்பா இல்லாத வீடு, பயமாக இருக்கிறது.
*– ஒரு தாய், திண்டுக்கல்*

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சீட்டால் அழிந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பிரிட்ஜ் போட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மேஜையில் ஆடிய அதே சீட்டுகளைக் கலைக்காமல் அடுத்த மேஜைக்கு அனுப்புவார்கள். எல்லோருக்கும் ஒரே சீட்டு. யார் அதை நன்றாக ஆடினார்கள் என்றுதான் மார்க். நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்று சொல்லவே முடியாது.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நம் நாட்டைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். அப்போது ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. பையன் காசு வைத்து ஆடுகிறானா என்று மட்டும் கண்காணியுங்கள். அது எந்த ஆட்டமானாலும் விடாதீர்கள்.

கேள்வி: ஒரே மாதிரி பதிமூன்று சீட்டு எனக்கு மறுபடி வருமா?
*– எட்டாம் வகுப்பு மாணவன், காரைக்குடி*

பதில்: பதிமூன்று சீட்டுக் கை மொத்தம் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதம். வரட்டும், காத்திரு. அதுவரை வீட்டுப்பாடம் எழுது.

கேள்வி: நாலு ஸ்பேட் ஆடினேன், என் மனைவி டம்மி. 'துருப்பை முதலில் இழுத்துவிடுங்கள்' என்று நீங்களே இந்தப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதன்படி மூன்று சுற்று இழுத்தேன். இரண்டு ட்ரிக்கில் தோற்றேன். டம்மியில் வெட்டியிருக்க வேண்டும் என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்காட்டுகிறாள். யார் சரி?
*– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை*

பதில்: உங்கள் மனைவி சரி. என் பேரிலும் தப்பு இருக்கிறது. அன்றைக்கு 'பெரும்பாலும்' என்ற வார்த்தையைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

டம்மி: ஸ்பேட் ராஜா, 8, 4. ஆர்ட்டின் ஒற்றை 7. டைமண்ட் ஜாக்கி, 9, 6, 5, 3. கிளாவர் ஏஸ், 8, 4, 3.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 6. ஆர்ட்டின் ஏஸ், 8, 4. டைமண்ட் ஏஸ், 2. கிளாவர் 7, 5, 2.

நோ ட்ரம்பில் வருவதை எண்ணச் சொன்னேன். துருப்பு ஆட்டத்தில் போவதை எண்ணுவது சுலபம். உங்கள் கையைப் பாருங்கள்: ஆர்ட்டினில் இரண்டு, டைமண்டில் ஒன்று, கிளாவரில் இரண்டு. ஐந்து போகும். நாலு ஸ்பேட் என்றால் பத்து ட்ரிக் எடுக்க வேண்டும், மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கிளாவருக்கும் டைமண்டுக்கும் இப்போதைக்கு மருந்தில்லை. ஆர்ட்டின் இரண்டையும் டம்மியில் வெட்டலாம். அதற்கு டம்மியில் இரண்டு துருப்பு உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் மூன்று சுற்று இழுத்ததும் எதிராளியின் துருப்பு காலி, டம்மியின் துருப்பும் காலி.

இறக்கியது டைமண்ட் ராஜா என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஸால் எடுங்கள். ஆர்ட்டின் ஏஸை அடியுங்கள். ஆர்ட்டின் 4-ஐ ஆடி டம்மியில் ஸ்பேட் 4-ஆல் வெட்டுங்கள். ஸ்பேட் 8-ஐ ஆடி உங்கள் 10-க்கு வாருங்கள். இப்போது ஆர்ட்டின் 8. அதை டம்மியின் ராஜாவால் வெட்டுங்கள், யாரும் மேலே வெட்ட முடியாது. உங்கள் கையில் ஏஸ், ராணி, ஜாக்கி, 6 என்று நாலு துருப்பு பத்திரமாக இருக்கிறது. வெட்டியது இரண்டு, உங்கள் துருப்பு ஐந்து, மூன்று ஏஸ். பத்து.

ஒரு நுணுக்கம். டம்மியின் துருப்பால் வெட்டினால்தான் ட்ரிக் கூடும். உங்கள் ஐந்து துருப்பு எப்படியும் ஐந்து ட்ரிக்தான்; அந்தக் கையில் வெட்டுவது பையில் இருக்கிற காசை எடுத்து அதே பையில் போடுவது. குட்டைத் துருப்புக் கையில் வெட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இழுக்காதீர்கள். இல்லாவிட்டால் நான் முன்னே சொன்னபடி ஒட்ட இழுத்துவிடுங்கள், எதிராளி உங்கள் ஏஸை வெட்டிவிட்டுச் சிரிப்பார் இல்லாவிட்டால்.

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1929 செப்டம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஜான் பென்னெட் என்பவர் வீட்டில் இதே நாலு ஸ்பேட் ஆடித் தோற்றார். டம்மியாக இருந்த அவர் மனைவி மிர்ட்டில் உங்கள் வீட்டம்மா மாதிரியே விமர்சித்தார். ஜான் மனைவியின் கன்னத்தில் அறைந்தார். மிர்ட்டில் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார், கணவர் செத்துப்போனார். 1931-ல் நீதிமன்றம் மிர்ட்டிலை விடுவித்தது.

மதுரையில் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். ஆனாலும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். டம்மி சீட்டை விரித்துவிட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது, வாயும் திறக்கக் கூடாது. எழுந்து போய்க் காபி போடட்டும். அடுத்த கையில் நீங்கள் டம்மி என்றால் நீங்கள் போடுங்கள், சர்க்கரை எவ்வளவு என்று அவர்களைக் கேட்டுக்கொண்டு.